மிலுங்காவின் நான்காவது கட்டம்

எங்கள் குடியிருப்பில் மிலுங்கா மூன்றாம் மாடி, நான் தரைத்தளம். செர்பியாவில் எங்கள் பிரோட் ஊரில் நிஷாவா ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பாலர் பள்ளியில் அவள் சமையல்கட்டு உதவியாள். பதினோரு வருடமாக அங்கேதான் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு காகிதத்தை நீட்டுவார்கள், இன்னும் மூன்று மாதம் வேலை உண்டு என்று. கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். பதினோரு வருடமும் அந்தக் காகிதத்தின் தயவில்தான் ஓடியது. மூன்றாவது மாதம் வரும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கிவிடும், மாடிப்படி ஏறும்போதே எனக்குத் தெரியும்.

அந்த வருடம் அங்கே ஒரு நிரந்தர இடம் வந்தது. பள்ளி இயக்குநர் நல்ல மனுஷி. மிலுங்காவைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"எட்டாம் வகுப்புச் சான்றிதழ் அக்டோபர் முடியறதுக்குள்ள என் மேசைக்கு வரணும் மிலுங்கா. வந்தா எடம் உனக்கு. வரலேன்னா வெளியாளை எடுத்தாகணும், என் கையில எதுவும் இல்ல."

மிலுங்கா ஆறாம் வகுப்போடு நின்றவள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், அதனால் அவளைக் குறைத்துப் பேச எனக்கு வாய் கிடையாது. பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் இரண்டு குளிர்காலம் விடாமல் போய் உட்கார்ந்தாள். கணக்கு, வரலாறு, வேதியியல் எல்லாம் தேறிவிட்டாள். ஆங்கிலம் ஒன்றுதான் பாக்கி. அதை ஜூன் மாதத் தேர்வில் விட்டுவிட்டாள். அவளைக் கவிழ்த்தது இந்த ஒழுங்கில்லாத வினைச்சொற்கள்தான். நம் பிள்ளைகளெல்லாம் பள்ளியில் பாட்டுப் போல ஒப்பிக்குமே, கோ, வென்ட், கான் என்று, அதே சனியன்கள்.

நெவெனா என்று சின்ன வயது டீச்சர்தான் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பெண் நூற்றிருபது சொற்களை அகர வரிசையில் அச்சடித்து, தாள்களாகக் கொடுத்திருந்தது. தாளில் நான்கு கட்டம். முதல் கட்டத்தில் சொல். இரண்டாவதில் அது நேற்று நடந்தால் எப்படி. மூன்றாவதில் நடந்து முடிந்துவிட்டால் எப்படி. நான்காவது கட்டம் காலி. அதில் நம் செர்பிய மொழியில் என்ன அர்த்தம் என்று அவரவர் கையால் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த நான்காவது கட்டத்தில்தான் மிலுங்கா குடியிருந்தாள் என்று சொல்ல வேண்டும். முதல் மூன்று கட்டத்தையும் அவளுக்குத் திட்டிக்கொண்டுதான் படிக்கத் தெரியும். நான்காவதை ஆசையாக எழுதுவாள். ஆங்கிலத்தில் கான் என்று ஒரே சொல், போனது ஆணா பெண்ணா என்று அது சொல்லாது. நம் மொழியில் அப்படி விட முடியாது. ஓத்திஷாவோ என்றால் போனவன், ஓத்திஷ்லா என்றால் போனவள். மிலுங்கா எல்லாவற்றையும் பெண்ணாகவே எழுதினாள். போனவள், கொடுத்தவள், மறந்தவள், கண்டுபிடித்தவள்.

"மிலுங்கா அக்கா, புத்தகத்துல ஆம்பளையா போட்டுத்தான் எழுதுவாங்க," என்று டீச்சர் ஒருநாள் சொல்லியிருக்கிறாள்.

"புத்தகத்துல யாரு செஞ்சாங்களோ எனக்குத் தெரியாது டீச்சரம்மா. இங்க எல்லாத்தையும் செஞ்சது நான்தான்."

டீச்சர் சிரித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாளாம். பிரேக், ப்ரோக், ப்ரோக்கன். இந்த ப்ரோக்கன் உடைத்தவளுக்கும் வரும், உடைந்துபோன பொருளுக்கும் வரும், இடம் பார்த்து எழுத வேண்டும் என்று. அன்று மிலுங்கா நான்காவது கட்டத்தில் எழுதியதை நானே பார்த்தேன். 'உடைத்தவள், நான். உடைந்தது, பெர்சிதாவின் பெரிய தட்டு.' பெர்சிதா அங்கே தலைமைச் சமையல்காரி. அந்தத் தட்டு யார் கைபட்டு உடைந்தது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

செப்டம்பர் கடைசியில் எங்கள் ஊரில் எந்த முற்றத்துக்குப் போனாலும் சிவப்புக் குடைமிளகாய் சுடுகிற வாசம்தான். நாங்களும் கீழே முற்றத்தில் உட்கார்ந்து, சுட்ட மிளகாயைத் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். குளிர்காலத்துக்கு வைக்கிற விழுதுக்கு. மிலுங்கா தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தண்ணீர் வாளியில் சாய்த்து வைத்திருந்தாள். ஒரு மிளகாய்க்கு ஒரு சொல் என்று கணக்கு.

"கட், கட், கட்," என்றாள். "அக்கா, இதுதான் எனக்குப் பிடிச்ச சொல்லு. மூணு கட்டத்துலயும் ஒண்ணே. இதைப் பண்ணினவன் கண்டிப்பா பிரோட்காரன்தான். வேற ரெண்டு சொல்லு செலவு பண்ண மனசு வரல அவனுக்கு."

எங்கள் ஊர்க்காரர்களைக் கஞ்சர்கள் என்று நாடே கேலி செய்யும். நாங்களே செய்துகொண்டால் வலிக்காது.

அவள் புருஷன் ஸிவாதின் டயர் ஆலையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்தான். நின்று தாளை எட்டிப் பார்த்தான்.

"இதுல எனக்குத் தெரிஞ்சது ஏதாவது இருக்கா?"

"டிரிங்க், டிராங்க், டிரங்க். குடிக்கிறேன், குடிச்சேன், குடிச்சு முடிச்சாச்சு."

"மூணும் தெரியும். எனக்கு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வா."

"உனக்குக் குடுக்க ஆரம்பிச்சா இந்த ஊர்ல காகிதம் பத்தாது. கையைக் கழுவிட்டு அந்தக் கூடையை இப்படி நகத்து."

இப்படித்தான் எங்களுக்குச் சிரிப்பும் வேலையுமாகப் போனது. ஆனால் உள்ளுக்குள் அவளுக்குப் பயம். பாதி உரித்த மிளகாயைத் தட்டில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இந்தத் தடவையும் விட்டா அடுத்த தேர்வு ஜனவரியில அக்கா. அதுக்குள்ள அந்த அடுப்பு முன்னால வேற ஒருத்தி நிப்பா. நாப்பத்தாறு வயசுல என்னை யாரு எடுப்பா?"

கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நான் செய்ததுதான் அடுத்த விஷயம்.

நான் எங்கள் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி விற்கிறவள். திருப்பலிக்கு அப்பமும் சுடுவேன். என் தலைக்கு நேரே சுவரில் திருச்சபைக் காலண்டர் தொங்கும். அதில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு எண். ஒன்று ஊரெல்லாம் பார்க்கிற தேதி. இன்னொன்று திருச்சபையின் பழைய தேதி, அது பதின்மூன்று நாள் பின்னாலேயே நடந்துவரும். காவ்ரிலோ பாதிரியார் எனக்குப் புனிதர்களின் நாட்களைப் பழைய தேதியில்தான் சொல்வார், அப்பம் சுடுகிற கணக்கெல்லாம் அதில்தான். இருபது வருடப் பழக்கம், என் கண் தானாக அந்த வரிசைக்குத்தான் போகும்.

செப்டம்பர் இருபத்தாறாம் தேதி மிலுங்கா கைபேசியைக் கையில் பிடித்தபடியே தேவாலயத்துக்குள் வந்தாள்.

"நெவெனா டீச்சர் கூப்பிட்டாங்க அக்கா. தேதி வந்துடுச்சு. அக்டோபர் பதினாலு, பதினொரு மணி. காலண்டர்ல குறிச்சு வைங்க, எனக்காக வேண்டிக்கங்க."

நான் எழுந்து விரலை ஓட்டினேன். அக்டோபர், பதினாலு. அந்த எண்ணுக்கு நேரே சிவப்பு எழுத்தில் புனித பெத்கா அம்மாளின் நாள். பெண்களுக்குத் துணை நிற்கிற புனிதை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அடி, பெத்கா அம்மாள் நாளுடி அது. அவங்களே உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க."

அவளும் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த நிமிடமே தேதியை விட்டுவிட்டு பெத்கா அம்மாளைப் பிடித்துக்கொண்டாள். பெத்கா நாள் ஊர்த் தேதிக்கு அக்டோபர் இருபத்தேழு என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். டீச்சர் சொன்ன பதினாலையும் நாங்கள் கொண்டாடுகிற இருபத்தேழையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சந்தோஷத்தில் மனுஷருக்கு எண் கண்ணில் படாது போலிருக்கிறது.

மறுநாளிலிருந்து பெத்கா நாளுக்கு முந்தின நாள் வரை சரியாக முப்பது நாள். நூற்றிருபது சொல். ஒரு நாளைக்கு நாலு. மிலுங்கா அதைக் கடவுள் போட்டுக்கொடுத்த கணக்கு என்றே நினைத்தாள். அன்றன்றைய நாலு சொல்லைப் பாலர் பள்ளித் தொட்டிக்கு மேலே ஒட்டிவைத்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே படித்தாள். அதற்கு மேல் ஒரு சொல்லைக்கூடத் தொடமாட்டாள், குழப்பிவிடும் என்று.

பெத்கா நாளுக்கு விடுப்பும் எழுதிக்கொடுத்தாள். பெர்சிதா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பண்டிகை நாளா பாத்துத் தேர்வு வெக்கிறாங்களா உனக்காக? மேளதாளம் எப்ப வருது?" என்று கேட்டாளாம். கேட்டதோடு சரி, அவளும் யோசிக்கவில்லை.

அக்டோபர் பதினாலு, ஊர்த் தேதிக்கு, தேவமாதாவின் அடைக்கலத் திருநாள். காலைப் பூசை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பத்து மணி தாண்டியிருக்கும். நெவெனா டீச்சர் அவசரமாக உள்ளே வந்து ஒரு மெழுகுவர்த்தி கேட்டாள். எங்கள் வழக்கத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கு மேல் தட்டு, இறந்தவர்களுக்குக் கீழ் தட்டு. அவள் மேல் தட்டில் ஏற்றிவைத்துவிட்டுத் திரும்பினாள்.

"யாருக்கும்மா?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான்.

"நம்ம மிலுங்கா அக்காவுக்குத்தான் ஸ்டானாம்மா. பதினொரு மணிக்குத் தேர்வு இல்லையா? இப்ப நேரா ஸ்கூலுக்குத்தான் போறேன். அவங்க கிளம்பிட்டாங்களா?"

நான் காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு உரிய வரியில் பழைய தேதி அக்டோபர் ஒன்று, ஊர்த் தேதி பதினாலு. இரண்டு எண்ணும் அத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

"டீச்சரம்மா, தேர்வு வெக்கிறவங்களை அஞ்சு நிமிஷம் பிடிச்சு வைங்க, பத்து நிமிஷம் பிடிச்சு வைங்க. நான் பாவி," என்று மட்டும் சொன்னேன். காசுப் பெட்டியைப் பூட்டவில்லை. தலைத்துணி கழன்று தோளில் கிடந்தது. அப்படியே பாலர் பள்ளிக்கு ஓடினேன். ஐம்பத்தொரு வயதில் நான் ஓடியதைப் பார்த்து ரொட்டிக் கடைக்காரன் எங்கே தீ என்று கேட்டான்.

சமையல்கட்டில் மிலுங்கா வெள்ளை மொச்சைக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். எண்பது பிள்ளைகளுக்கு. பதினொன்றரைக்குச் சாப்பாடு. நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவள் கரண்டியை விடவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கிளறினாள்.

"நான் ரன் வரைக்கும்தான் அக்கா வந்திருக்கேன்," என்றாள். "அறுபத்தெட்டு. இன்னும் அம்பத்திரண்டு சொல்லு இருக்கு. எஸ் எழுத்தையே இன்னும் தொடல."

"தெரிஞ்சதைச் சொல்லுடி. கிளம்பு."

"இந்தக் குழம்பு?"

பெர்சிதா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு வந்து, அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள்.

"இந்தக் குழம்பை நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து நான் கிளறுறேன். போ. தேறாம திரும்பி வந்தியோ, அந்தப் பெரிய தட்டு எப்படி ஒடைஞ்சதுன்னு விசாரணை வெப்பேன்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தொட்டிக்கு மேல எழுதி ஒட்டிவெச்சா எனக்குத் தெரியாதா? எனக்குப் படிக்கத் தெரியும்டி, நான் எட்டாவது."

ஏப்ரனோடு ஓடினோம். தேர்வு நடக்கிற பள்ளிக்கூடப் படிக்கட்டில் மூன்றாவது படியில் மிலுங்கா தடுக்கி விழுந்தாள். காலுறை கிழிந்து முட்டியில் ரத்தம். துடைக்கக்கூட நிற்கவில்லை.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். நடுவில் வுகாஷின் ஐயா, கணக்கு வாத்தியார், வழுக்கைத் தலை, சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று மீசை காட்டாது. ஒரு பக்கம் நெவெனா டீச்சர். இன்னொரு பக்கம் எழுதிக்கொள்கிற ஒரு அம்மா. பச்சைத் துணி விரித்த மேசையில் சீட்டுகள் கவிழ்த்து வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்த நெவெனா டீச்சர் கடைசி பெஞ்சைக் காட்டினாள்.

வுகாஷின் ஐயா ஏப்ரனைப் பார்த்தார். "அம்மா, சாப்பாடு கொண்டுவந்திருக்கீங்களா, தேர்வுக்கு வந்திருக்கீங்களா?"

"தேர்வுக்குத்தான் ஐயா. பாதி படிச்சிட்டு வந்திருக்கேன்."

"மத்தவங்க அதையும் சொல்ல மாட்டாங்க. ஒரு சீட்டு எடுங்க."

ஒரு சீட்டில் ஐந்து சொல். ஒவ்வொன்றுக்கும் இரண்டாவதும் மூன்றாவதும் சொல்லி, செர்பிய மொழியில் அர்த்தமும் சொல்ல வேண்டும். மூன்று சரியானால் இரண்டு மதிப்பெண், அது போதும், தேறிவிடலாம். எங்கள் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த சீட்டு பிடிக்கவில்லை என்றால் ஒரே ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு மதிப்பெண் குறைப்பார்கள். அப்போது ஐந்தில் நாலு சரியாக வேண்டும்.

மிலுங்கா எடுத்த சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள். "பிரிங். சிங். ஸ்பீக். டீச். வேர்." பிரிங் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். மற்றது நாலும் ரன்னுக்கு அந்தப் பக்கம்.

"என்ன செய்யறீங்க?" என்றார் ஐயா.

"மாத்திக்கிறேன் ஐயா."

"ஒண்ணு கொறையும். தெரியுமில்ல?"

"தெரியும். இங்கேயே நின்னா எல்லாமே கொறையும்."

நான் கடைசி பெஞ்சில் தேவமாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா, தேதியைத் தப்பாச் சொன்னது நான், அவள் இல்லை, என்னிடம் கேள் என்று.

இரண்டாவது சீட்டு. பிகின், டிரிங்க், ஃபால், நோ, ஸ்விம்.

ஸ்விம் அவளுக்கு வராது. மற்ற நாலும் வந்தாக வேண்டும். ஒன்று தப்பினாலும் முடிந்தது.

"பிகின், பிகேன், பிகன். ஆரம்பிச்சவ."

"ஆரம்பிச்சவளா?" என்று ஐயா நெவெனாவைப் பார்த்தார்.

"பெண் சொன்னா அப்படித்தானே ஐயா வரும். அர்த்தம் சரிதான்," என்றாள் டீச்சர். எழுதிக்கொள்கிற அம்மா ஒரு கோடு போட்டாள்.

டிரிங்க் கண்ணை மூடிக்கொண்டு வந்தது. குடிச்சவள் என்று சொல்லிவிட்டு, "இது என் வீட்டுக்காரர்கிட்டதான் ஐயா கேக்கணும்," என்றாள். நோ, நியூ, நோன். தெரிஞ்சுகிட்டவள். மூன்று கோடு.

மிச்சம் ஃபால். அதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தாள்.

"ஃபால்," என்றாள். நிறுத்தினாள். "ஃபெல்ட்... இல்ல. அது உணர்றது." மறுபடி நிறுத்தினாள். நெவெனா டீச்சர் பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள், உதவி செய்யக் கூடாதல்லவா. மிலுங்காவின் கை தானாக முட்டிக்குப் போயிற்று. விரலில் ரத்தம் பட்டதும் குனிந்து பார்த்தாள். அப்படியே குனிந்திருந்தாள்.

"ஃபெல்," என்றாள். "ஃபாலன். விழுந்தவ."

"யாரு விழுந்தது?"

"நான்தான் ஐயா. இப்பத்தான், உங்க மூணாவது படியில. அந்தப் படி ஒடைஞ்சிருக்கு, பிள்ளைங்க நடக்கிற எடம், பாத்துக்கங்க."

வுகாஷின் ஐயா எழுந்து சன்னல் வழியாகப் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மீசை அசைந்தது.

"ஸ்விம்?"

"அது இருபத்தொண்ணாந்தேதி வரும் ஐயா. நாளைக்கு நாலுன்னு வெச்சிருக்கேன்."

"நாலு சரி, மூணு மதிப்பெண். சீட்டு மாத்தினதுக்கு ஒண்ணு போக ரெண்டு," என்று எழுதிக்கொள்கிற அம்மா சொன்னாள். ஐயா தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் நான் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியை ஏப்ரனால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க அக்கா. நீங்க பெத்கா அம்மாளைச் சொல்லலேன்னா நான் பயத்துல ஒரு சொல்லுகூடப் படிச்சிருக்க மாட்டேன்." எழுந்து நின்று, "ஆனா இனிமே என் விஷயம் எதையும் அந்தக் காலண்டர்ல குறிக்காதீங்க," என்றாள்.

மிச்ச ஐம்பத்திரண்டையும் அவள் விடவில்லை. தினமும் நாலு, பெத்கா நாளுக்கு முந்தின நாள் ரைட், ரோட், ரிட்டன் வரைக்கும். தேறின பிறகு எதுக்குடி என்று கேட்டேன். நான்காவது கட்டம் காலியாகக் கிடந்தால் பார்க்க நன்றாயில்லை என்றாள். பெத்கா நாளில் நாங்கள் துணி துவைக்கமாட்டோம், ஊசி தொடமாட்டோம். விடுப்பு எழுதிக்கொடுத்தது கொடுத்ததுதான் என்று அவள் அன்று வேலைக்கும் போகவில்லை. இரண்டு பேரும் தேவாலயத்தில் நன்றி சொல்லி நின்றோம்.

அதற்குள் சான்றிதழ் இயக்குநர் மேசைக்குப் போய்விட்டது. நவம்பர் முதல் வாரத்தில் காகிதம் வந்தது. மிலுங்கா அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையல் மேசையில் வைத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். பேர் சரி. வேலை சரி. ஆரம்பிக்கிற தேதி சரி. முடிகிற தேதியை மேலேயும் கீழேயும் தேடினாள். காகிதத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"அக்கா, முடியிற தேதியை மறந்துட்டாங்க," என்றாள்.

"மறக்கலடி," என்றேன்.

அவள் இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.